திரைச்சீலை அளக்கப் போன பிள்ளையார்

வீடு வாங்கப்போகிறோம் என்ற சங்கதியை நான் ஒரு கலியாண வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு வரிசையில் பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் நின்றபோது சொன்னது. பாயசத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் எனக்கு நாலு சொலிசிட்டரைப் பிடித்துத் தந்துவிட்டார்கள். சிட்னியில் அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடம் வேறு எதற்குப் பஞ்சம் இருந்தாலும் ஆலோசனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். நான் ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டைப் பார்த்து விலை பேசி, ஒப்பந்தப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் வாங்குகிறவருக்கு ஒரு சொலிசிட்டர், விற்கிறவருக்கு ஒரு சொலிசிட்டர். பத்திரத்தைப் படிப்பது, காணியில் வில்லங்கம் உண்டா என்று தேடுவது, கட்டட அனுமதி தரும் கவுன்சிலில் விசாரிப்பது, கடைசி நாளில் காசோலையைக் கொடுத்துக் காணி உறுதிப் பத்திரத்தை வாங்குவது எல்லாம் அவர்கள் பாடு. அந்தக் கடைசி நாளைத்தான் செட்டில்மென்ட் என்பார்கள். அன்றைக்குத்தான் வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கைக்கு வரும்.

முதலில் எங்கள் ஆள் ஒருவரிடம் போனோம். "தமிழிலை கதைக்கலாம், இரவிலை வீட்டுக்கே கோல் எடுக்கலாம்" என்று கலியாண வீட்டில் சிபாரிசு வந்தவர். அருமையான மனிதர். தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், இன்னாருக்கு நான் என்ன முறை என்று முக்கால் மணித்தியாலம் விசாரித்தார். பிறகு பத்திரத்தைக் கையில் எடுத்து, விசிறி வீசுவது போல ஒருமுறை புரட்டினார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்."

எனக்குப் பரம திருப்தி. காரில் ஏறியதும் மனைவி சொன்னாள்: "எங்களைப் பற்றி எல்லாத்தையும் கேட்டார். வீட்டைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையே."

"ஏனப்பா, அனுபவசாலிக்கு ஒருக்காப் பாத்தாலே விளங்கும்."

"நீங்கள் ரயில் பெட்டியை ஒருக்காப் பாத்திட்டு அனுப்பிப்போடுவியளோ?"

நான் கார் கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்ததாக, வீட்டை விற்றுத்தரும் ஏஜென்டே ஒரு சொலிசிட்டரின் அட்டையை நீட்டினார். விற்கிறவன் காட்டுகிற ஆளிடம் வாங்குகிறவன் போவதா என்று அதையும் மனைவி தட்டிவிட்டாள். கடைசியில் அவளுடைய வார்டில் வேலை செய்யும் மூத்த நர்ஸ் ஒருத்தி சொன்ன இடத்துக்குப் போனோம்.

பரமட்டாவில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே அந்த அலுவலகம். லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு படி. நான் எண்ணியிருக்கிறேன், ஏனென்றால் பிறகு அந்தப் படிகளில் எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். மேலே அறுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். தோளில் ஒரு பழைய கம்பளிச் சட்டை. இடுப்பில் ஏதோ கோளாறு. கதிரையை விட்டு எழும்பி அலுமாரிக்குப் போகும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். தேநீர் தரவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"இந்த நகரத்தில் இவ்வளவு வீடு இருக்க, இந்த வீடு ஏன்?" என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"பின்னறைக்காக" என்றேன்.

கொழும்பில் எனக்கு ஒரு அக்கா. அவளுக்கு இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் போனது. செயற்கைக் காலும் ஊன்றுகோலுமாக நடப்பாள், படி மட்டும் ஏற மாட்டாள். எங்கள் வாடகை வீடோ இரண்டாம் மாடி. அவளுக்கு விசா வந்துவிட்டது, ஆவணியில் வருவதாக இருந்தாள். குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் வாசலில் இருந்து கொல்லைவரை ஒரு படிகூட இல்லை. பின்பக்கத்தில் அகலமான கதவோடு ஓர் அறை, அதனோடு ஒட்டிக் குளியலறை, சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. யாரோ எங்கள் அக்காவை அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது. இதையெல்லாம் நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு பத்திரத்தைப் பிரித்து, ஒரு மர அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு வரி முடிய அடிமட்டம் ஒரு வரி இறங்கும். ஒன்றரை மணித்தியாலம். எனக்குக் கொட்டாவி வந்தது. மனைவியோ பரீட்சை மண்டபத்தில் இருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முடிவில் அவர் சொன்னார்: "நான் அந்த வீட்டைப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் சொல்வதை நம்பித்தான் என் கையெழுத்தைப் போடுவேன். அதனால் எனக்கு உண்மை வேண்டும். நல்ல செய்தியாக இருக்கவேண்டும் என்பதில்லை."

படி இறங்கும்போதே மனைவி தீர்மானித்துவிட்டாள். நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்படும்.

பத்திரம் கைமாறியது. விலையில் பத்தில் ஒரு பங்கை முற்பணமாகக் கட்டினோம். அது எங்கள் இருவரின் எட்டு வருட உழைப்பு, வேறு சேமிப்பு இல்லை. ஆறு கிழமையில், ஆடி பிறக்க முதலே, செட்டில்மென்ட் என்று பேச்சு. நான் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

நாலாம் கிழமையில் சொலிசிட்டர் அழைத்தார். இருபத்திரண்டு படி ஏறினேன். மேசையில் கவுன்சிலில் இருந்து எடுத்த வீட்டுப் படம் விரிந்து கிடந்தது. வரவேற்பறை இருந்தது, குசினி இருந்தது, மூன்று படுக்கையறை இருந்தது. பின்னறை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புல்வெளி.

"இந்த அறைக்கு அனுமதி எடுக்கவில்லை" என்றார். "நாளைக்குக் கவுன்சில் இடிக்கச் சொன்னால் நீங்கள்தான் இடிக்கவேண்டும். வீடு உங்கள் கைக்கு வரும்வரைக்கும் அது விற்பவரின் தலைவலி. வந்தபிறகு உங்களுடையது. ஆகவே, அவர் கவுன்சிலைக் கூப்பிட்டுக் காட்டிச் சான்றிதழ் எடுத்துத் தரும்வரை நான் முடிக்க மாட்டேன்."

"எவ்வளவு நாள்?"

"தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது யார்மேல் வந்தது என்பதில்தான் நான் முட்டாள். அறைக்கு அனுமதி எடுக்காத விற்பனையாளர்மேல் வரவேண்டிய கோபம், அதைக் கண்டுபிடித்த கிழவிமேல் வந்தது. எங்கள் ஆளிடம் போயிருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். மனைவி சோறு போட்டாள்.

பிறகு அக்காவின் தொலைபேசி வந்தது.

"தம்பி, வீட்டு அலுவல் என்ன மாதிரி?"

"கொஞ்சம் பிந்தும் போல கிடக்கு, அக்கா."

"பிந்துமோ? ஆடி பிறந்தால் ஒண்டும் செய்யேலாது. பிறகு ஆவணி. நான் வந்து இறங்கிற நேரம் நீ பெட்டி தூக்கிக்கொண்டு நிக்கப்போறியோ? நான் இஞ்சை ஐயரைக் கேட்டனான். வாற புதன் காலமை நல்லது. ஆனியிலை அதுதான் கடைசி நாள். சாமான் பிறகு கொண்டுபோகலாம். பாலை மட்டும் காய்ச்சிப்போட்டு வாங்கோ, குடிபூந்த கணக்குத்தான்."

எங்கள் ஊரில் புதுவீட்டுக்குப் போவதைக் குடிபூரல் என்போம். நல்ல நாளில் பாலைக் காய்ச்சிப் பொங்கவைத்துவிட்டால் குடிபூந்தாகிவிட்டது. கட்டில் மேசையெல்லாம் ஆறுதலாக வரலாம், நாளும் கோளும் ஒன்றும் சொல்லாது. அக்காவின் யோசனை எனக்குத் தேனாக இனித்தது. வீடு வெறுமனே பூட்டிக் கிடந்தது. விற்கிற மனிதர், மனைவியை இழந்த ஒரு மோல்ட்டாக்காரர், ஏற்கெனவே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏஜென்டிடம் திறப்பு இருந்தது.

"சொலிசிட்டர் அம்மாவை ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் செய்வமே?" என்றாள் மனைவி.

"கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லும் மனிசி. பிறகு கேட்டும் செய்த குற்றம். கேக்காமல் செய்தால் தெரியாமல் செய்தது."

இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

திரைச்சீலைக்கு யன்னல் அளக்கவேண்டும் என்று சொல்லி ஏஜென்டிடம் திறப்பை வாங்கினேன். புதன் விடிய, குளிரில் கைவிறைக்கப் போய் இறங்கினோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். வலதுகாலை வைத்து உள்ளே போனோம். மனைவி ஒவ்வொரு கதவிலும் சந்தனப்பொட்டு வைத்தாள், பின்னறைக் கதவில் மூன்று வைத்தாள். குசினி மேசையில் சின்னப் பிள்ளையார் படம், பக்கத்தில் ஒரு தட்டில் அரிசியும் உப்பும் மஞ்சளும். புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அந்த வீட்டு அடுப்பிலேயே வைத்தோம். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. எங்கள் இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நான் பின்னறைக்குள் போய், அக்கா கட்டில் இந்தப் பக்கம் வரும், யன்னல் அந்தப் பக்கம் என்று கைகாட்டிக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடத்தில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். படத்தையும் தட்டையும் அங்கேயே விட்டோம். குடிபூந்த வீட்டில் சாமி இருக்கவேண்டும். ஒரு யன்னலைக்கூட அளக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துச் சொலிசிட்டர் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்தார். விற்பவரின் சொலிசிட்டரிடம் இருந்து கடிதம். செட்டில்மென்டுக்கு முன்பே நாங்கள் வீட்டைக் கைவசம் எடுத்துவிட்டோமாம். எடுத்தபடியால் உள்ளது உள்ளபடி அறையையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். பதினாலு நாளில் முடிக்கவேண்டும், இல்லையென்றால் முற்பணம் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள்.

"நீங்கள் அந்த வீட்டுக்குள் போனீர்களா?"

பட்டறையில் என்னைச் சுற்றி இரும்புச் சத்தம். கையெல்லாம் கிரீஸ். "போனோம். திரைச்சீலை அளக்க" என்றேன்.

"வேறு ஒன்றும் இல்லையே?"

"இல்லை."

பொய் சொல்வதற்கு இரண்டு விநாடி போதும். அவர் அதை நம்பி, என் கட்சிக்காரர்கள் அளவெடுக்க மட்டுமே போனார்கள் என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் இருவரையும் வரச்சொன்னார். போய் உட்கார்ந்ததும் ஒரு போட்டோவை மேசையில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். மோல்ட்டாக்காரர் புல்லு வெட்டப் போனபோது எடுத்தது. குசினி மேசை. அரிசித் தட்டு. பின்னால் அடுப்பில் காய்ந்து கருகிய பால் படை. நடுவில் பிள்ளையார்.

"இது யார்?" என்றார்.

"பிள்ளையார்" என்றேன்.

"இவரும் திரைச்சீலை அளக்க வந்தாரா?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஐம்பதை நெருங்கும் வயதில், பெண்சாதி பக்கத்தில் இருக்க, பொய் பிடிபட்டு நிற்பதைப் போல ஒரு வெட்கம் வேறில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், ஆனால் மனைவி முந்திக்கொண்டாள். ஆடி மாதம் என்றால் என்ன, அக்கா சொன்ன நாள், பால், சந்தனம் எல்லாவற்றையும் தன் நிதானமான ஆங்கிலத்தில் முதலில் இருந்து சொன்னாள்.

சொலிசிட்டர் குறித்துக்கொண்டே வந்தார். "பால் தவறிப் பொங்கியதா?"

"இல்லை. பொங்கவேண்டும். கிழக்குப் பக்கமாகப் பொங்கினால் நல்லது."

"கிழக்கு" என்று எழுதினார். "இது உங்கள் வழக்கத்தில் வீட்டுக்குள் குடிபோனதற்கு அடையாளமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆம்" என்றாள்.

விற்பவரின் சொலிசிட்டர் சட்டத்தை வைத்துச் சொன்னதைத்தான் அக்கா ஐயரை வைத்துச் சொல்லியிருந்தாள். நாங்கள் குடிபூந்துதான் இருந்தோம். அதை இல்லையென்றதால் நான் அந்தப் பெண்மணியிடம் சொன்னதும் பொய், அந்தச் சாமியின் முன்னால் செய்ததும் பொய் என்றாகிவிட்டது.

அவர் பேனாவை மூடினார். "நாற்பது வருடமாக என் கையெழுத்தை யாரும் சந்தேகித்ததில்லை. நான் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறவேண்டும். பொய் என்று எழுதித்தான் பெறவேண்டும். அதன்பிறகு நீங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம், அல்லது என்னோடு இருக்கலாம். இருந்தால் நடந்தது முழுவதையும் எழுதுவேன். அவர்கள் அதை வைத்து அறையை உங்கள் தலையில் கட்டலாம். கட்டாமலும் விடலாம்."

"இருக்கிறோம்" என்றாள் மனைவி.

"நான் செய்தது பிழை. மன்னியுங்கள்" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அது பெரிய உபகாரம்.

அடுத்த விஷயம் பிள்ளையார். படத்தையும் தட்டையும் உடனே எடுத்துவிடச் சொன்னார், பொருள் எதுவும் உள்ளே இருக்கக்கூடாதாம். தட்டை எடுக்கலாம் என்றாள் மனைவி. படத்தை முடியாது என்றாள். வீட்டுக்கு வந்து நான் மன்றாடினேன்.

"நீர் சும்மா பிடிவாதம் பிடிக்காதையும். ஒரு படம்தானே."

"பால் காய்ச்சி வைச்ச சாமியை எடுத்துக்கொண்டு வாறதோ? அது வீட்டைக் கைவிட்ட மாதிரி. எடுத்தால் அந்த அறை எங்களுக்கு இல்லை. பொய் சொல்ல வேண்டாம் எண்டு நான் அண்டைக்கே சொல்லியிருப்பன், நீங்கள் என்னைக் கேக்கேல்லை. இதையாவது கேளுங்கோ."

மறுநாள் தொலைபேசியில் சொலிசிட்டரிடம் இதைச் சொல்லவேண்டிய பாக்கியமும் எனக்கே. மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, எழுதிப் பார்க்கிறேன்" என்றார்.

அவர் எழுதிய கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பந்தியில் என் பொய். இரண்டாம் பந்தியில் பால், நாற்பது நிமிடம், கிழக்கு. மூன்றாவது பந்தி இப்படிப் போகிறது: சமையலறை மேசையில் உள்ள, யானைமுகக் கடவுளின் சட்டமிட்ட படம் ஒன்று, விற்பவர் சம்மதித்தால் அங்கேயே இருக்கும், அது அங்கே இருப்பதால் வாங்குபவர்கள் வீட்டைக் கைவசம் எடுத்ததாக ஆகாது. உலகத்தில் வேறு எந்தக் காணி அலுவலிலும் பிள்ளையாருக்காக ஒரு சொலிசிட்டர் வாதாடியிருக்க மாட்டார்.

அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது, அதோடு ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். "ஏன் அவ்வளவு அவசரம் என்று உங்கள் கையால் எழுதுங்கள். சட்டம் வேண்டாம். இதையும் சேர்த்து அனுப்புவேன்."

நான் அக்காவைப் பற்றி எழுதினேன். அவள் காலைப் பற்றி, எங்கள் வாடகை வீட்டின் மாடிப்படியைப் பற்றி, பின்னறைச் சுவரில் இருக்கும் இரும்புக் கம்பியைப் பார்த்தவுடன் விலையே கேட்காமல் இந்த வீடுதான் என்று நாங்கள் முடிவெடுத்ததைப் பற்றி எழுதினேன். அடுப்பைப் பழுதாக்கியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் வேலையில் ஒரு திருகாணியை ஒழுங்காக முறுக்கவில்லை. கொழும்பில் இருந்து அக்கா எடுத்தால் எல்லாம் நல்லபடி போகுது என்று சொன்னேன். அதுவும் பொய்தான், ஆனால் மனைவி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பதிமூன்றாம் நாள் சொலிசிட்டர் என்னை அழைத்து, வந்த பதிலைத் தொலைபேசியிலேயே வாசித்தார். அந்த அறையை மோல்ட்டாக்காரர் தன் கையால் கட்டியிருக்கிறார். மனைவிக்குக் கடைசி இரண்டு வருடம் நடக்க முடியவில்லை. கவுன்சில் அனுமதிக்குக் காத்திருக்க அவர்களுக்குக் காலம் இருக்கவில்லை. அந்த அறையைக் குறைசொல்லி வந்த கடிதங்கள் அவருக்கு ஆத்திரமூட்டியிருக்கின்றன. அதன்மேல் அவர் மனைவி தினமும் துடைத்து வைத்த அடுப்பில் பாலைக் கொட்டிவிட்டு, திரைச்சீலை என்று கதைவிட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? இப்போது, அக்காவைப் பற்றி நான் எழுதிய தாளை வாசித்தபிறகு, கவுன்சில்காரரைக் கூப்பிட்டுக் காட்டத் தான் தயார் என்று எழுதியிருந்தார். படம் இருக்கலாம். அடுப்பைத் துடைப்பதற்காக அதை யன்னல் விளிம்புக்கு மாற்றியிருக்கிறார்.

கவுன்சிலில் இருந்து வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டினார், ஒரு வடிகாலைத் திருத்தச் சொன்னார். மோல்ட்டாக்காரர் திருத்தினார். சான்றிதழ் வந்தது. அந்தத் தாளில் ஒரு முத்திரை, நாலு வரி. அந்த நாலு வரிக்காகத்தான் நான் அந்தக் கிழவியைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

செட்டில்மென்ட் நடந்தது ஆடி மாதத்தின் கடைசிச் செவ்வாய், பின்னேரம் மூன்றேகாலுக்கு. அப்பட்டமான ராகுகாலம். சொலிசிட்டர் அந்த நேரத்தைச் சொன்னபோது நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"பால் ஆனியிலை காய்ச்சினது தானே" என்றாள்.

அன்று பின்னேரம் திறப்போடு போனோம். அடுப்பு பளபளவென்று இருந்தது. யன்னல் விளிம்பில் பிள்ளையார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இவ்வளவு நாளும் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஆவணியில் அக்கா வந்தாள். விமான நிலையத்தில் இருந்து நேரே வீடு. வாசலில் இருந்து பின்னறைவரை ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, எட்டி இரும்புக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நல்ல இறுக்கம் என்றாள். இரண்டு நாள் கழித்து மனைவி அவளிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். நான் வேலையால் வர, அக்கா வரவேற்பறையில் காத்திருந்தாள்.

"அந்த மனிசி உன்னாலை பொய்க் கடிதம் எழுதினவவோ?"

"ஓம்."

"பொய் சொன்னது நீ. நாள் சொன்னது நான். என்னை அவவிட்டைக் கூட்டிக்கொண்டு போ."

"அக்கா, அங்கை இருபத்திரண்டு படி."

"கீழை நிண்டு கூப்பிடு."

சனிக்கிழமை பரமட்டாவுக்குப் போனோம். சொலிசிட்டர் அரைநாள் அலுவலகத்தில் இருப்பார். அக்காவைச் சப்பாத்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டு நான் மேலே ஓடினேன். அக்கா கீழே நிற்கிறாள், யன்னலால் எட்டிப் பார்த்துக் கைகாட்டினால் போதும் என்று சொன்னேன். அவர் அடிமட்டத்தைப் பத்திரத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டினார். நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னால் வந்தேன். அந்த இறக்கம் அவருக்கு எவ்வளவு வலி என்று அன்றுதான் பார்த்தேன்.

அக்கா ஊரில் தபால் கந்தோரில் இருந்தவள், ஆங்கிலம் வரும். அவரைக் கண்டதும் ஊன்றுகோலை இடதுகைக்கு மாற்றி, வலதுகையை நீட்டினாள்.

"பால் காய்ச்சச் சொன்னது நான். என்னால்தான் உங்கள் பெயருக்குக் கெடுதல் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தேன். நான் ஏற முடியாததால் நீங்கள் இத்தனை படி இறங்க வேண்டியதாகிவிட்டது."

அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"நீங்கள் படி ஏறக்கூடாது என்பதற்காகத்தானே அத்தனை கடிதமும் எழுதினேன்" என்றார்.

அக்கா அழுதாள். நான் கடைக் கண்ணாடிக்குள் இருந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.